பதினான்காம் சோதனை

ஆ-ஷுன் இறந்த அன்று அந்த மெஷினின் ஸ்பிண்டில் சுழலவே இல்லை. இது ஊர்ப்பேச்சு அல்ல, தாளில் இருக்கிறது. தாளில் முத்திரை இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் என்று கீழே தேதியும் போட்டிருக்கிறது. சோதனை எண் பதினான்கு: கதவு திறந்திருக்கையில் ஓட்டும் பொத்தானை அழுத்துக. விளைவு: சுழலவில்லை. நேரம்: காலை 10.40. ஆ-ஷுன் ஸ்பிண்டிலில் சிக்கிய நேரம் 10.52 என்று ஆஸ்பத்திரித் தாள் சொல்கிறது. சுழலாது என்று பன்னிரண்டு நிமிடம் முன்பே முடிவாகிவிட்ட ஒரு பொருளில் மனிதர் போய்ச் சிக்கியிருக்கிறார். அது அவருடைய கவனக்குறைவு.

இப்படி எழுதிய நான்கு பக்கக் கடிதம் ஃபெங்யுவானில் ஜுவாங் முதலாளியின் ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைப் பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது, ஆ-ஷுனின் மனைவி பாவ்-யூன் ஒரு கன்ட்ரோல் பேனலுக்குள் தலையை விட்டு வயர் இழுத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் உட்கார்ந்தால் சுவர் நெருக்குகிறது என்று வேலைக்கு வந்துவிட்டாள்.

இருபத்து மூன்று வருடமாகப் புருஷனும் பெண்டாட்டியும் செய்துவந்த தொழில் அது. கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பைக் குடையும் சி.என்.சி. மெஷின்களை ஜுவாங் செய்கிறார். அதன் பேனலுக்குள் வயர் போடுவது பாவ்-யூன். ஒவ்வொரு வயரின் முனையிலும் எண் எழுதிய சின்னக் குழாயை மாட்டி, நூல் பிடித்தாற்போல வரிசையாகக் கட்டிவிடுவாள். பிறகு அதை மெஷினோடு சேர்த்து, குடையும் கருவியைப் பிடித்துச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில் சொன்ன வேகத்தில் சுற்றுகிறதா, நில் என்றால் நிற்கிறதா என்று பார்ப்பது ஆ-ஷுன். கதவு திறந்திருந்தால் ஸ்பிண்டில் ஓடக் கூடாது. அதற்குக் கதவில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆனால் ஒன்பதாம் சோதனையில் மட்டும், ஸ்பிண்டில் மெதுவாகச் சுற்றுவதைக் கதவைத் திறந்து வைத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். அப்போது கதவு மூடியிருப்பதாக மெஷினை நம்பவைக்க, சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைப்பார்கள். ஜம்பர் என்று பெயர். பார்த்து முடித்ததும் கழற்றிவிட வேண்டும். மறந்தால் ஆளைக் கொன்றுவிடும் என்பதால் ஆ-ஷுன் அதற்கென்றே ஒரு மஞ்சள் வயர் வைத்திருந்தார். நடுவில் கடல் தெய்வம் மாத்ஸுவின் கோயிலில் கொடுத்த சிவப்பு நூல் ஒரு முழம் தொங்கும். குருடனுக்கும் தெரியும் என்பார். வேலை முடிந்ததும் அது அவர் சட்டைப் பைக்குள் போய்விடும்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த உடுப்பு மூட்டையைப் பிரித்தபோது அந்த மஞ்சள் வயர் சட்டைப் பைக்குள்தான் இருந்தது. நூல் கசங்கவில்லை. ஆகவே ஜம்பரைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார். பின்னே ஏன் சுற்றியது என்று பாவ்-யூன் நாற்பத்தொன்பது நாளும் யோசித்தாள், விடை கிடைக்கவில்லை.

விடை கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. சான்றகம், அதாவது ஸ்பிண்டில்களுக்குப் பாதுகாப்புச் சான்று கொடுக்கும் அலுவலகம், இப்படி எழுதியிருந்தது: 'ஸ்பிண்டில் சுழலவில்லை. ஒருவேளை சுழன்றிருக்குமாயின், பேனலின் மேல் வைக்கப்பட்டிருந்த பச்சைப் பொட்டலம் இரண்டு நாள் காலாவதியானதே அதற்குக் காரணம்.'

பச்சைப் பொட்டலம் இல்லாமல் அந்த ஊரில் எந்த மெஷினும் ஓடாது. உள்ளே தேங்காய்ப்பால் வாசம் வீசும் சோளப்பொரி. மெஷின் சமர்த்தாக இருப்பதற்காக வைப்பது. மஞ்சள் பொட்டலம் வைத்தால் மெஷின் அடம்பிடிக்கும், சிவப்பு வைத்தால் புகையும், தேதி கடந்த பச்சை எல்லாவற்றையும்விட மோசம். இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், சொல்லிவிட்டுத் தேதியை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள். சான்றகத்தின் படிவத்திலேயே 'பொட்டலம்: பச்சை / தேதிக்குள்' என்று ஒரு வரி உண்டு.

படித்த ஜுவாங் முதலாளி காறித் துப்பாத குறை. "பொரிப் பொட்டலம் ஆளைக் கொல்லுமா? இவனுங்க புத்திய எந்த மெஷின்ல போட்டுக் குடையறது?"

பாவ்-யூனுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அந்தப் பொட்டலத்தை வாங்கி வைத்தது அவள். மாதாமாதம் மாற்றுகிறவள், அந்த மாதம் மூன்று பேனல் அவசரமாகக் கேட்டார்கள் என்று மாற்றாமல் விட்டுவிட்டாள்.

அன்றைக்கு அவள் பெட்டிச் சோறு வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம். இரண்டு பெட்டிகளையும் யார் கையிலோ கொடுத்தாள், யார் என்று நினைவில்லை. நினைவில் இருப்பதெல்லாம், வரும் வழியில் பலசரக்குக் கடையைத் தாண்டியதும், பொட்டலம் வாங்க வேண்டுமே என்று தோன்றியதும், சாப்பிட்டுவிட்டு வாங்கலாம் என்று நடந்ததும்தான்.

நூறாம் நாள் பூசையில் இறந்தவருக்குப் போய்ச் சேரட்டும் என்று எரிக்கும் பொருள்களோடு ஒரு தாளையும் எரித்து அனுப்பலாம் என்று பூசாரி சொல்லியிருந்தார். பாவ்-யூன் வீடோ காரோ தாளில் செய்து எரிக்க விரும்பவில்லை. என்ன நடந்தது என்று உள்ளபடி எழுதிய தாள் ஒன்று வேண்டும். அவர் கையில் பொய்யான தாளோடு அங்கே நிற்கக் கூடாது. அப்படி எழுதிய தாளில் காரணம் பொட்டலம்தான் என்று வந்தால், அதையும் எரித்துவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னும் நாற்பத்தொன்பது நாள் இருந்தது.

சான்றகத்தின் கூடத்தில் தங்க முலாம் பூசிய ஒரு ஸ்பிண்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. வருகிறவர் யாராக இருந்தாலும் அதன் முன் நின்று, வலது கையை நீட்டி விரலால் சுட்டி, "நின்றிருக்கிறது, நல்லது" என்று உரக்கச் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். தபால்காரரும் சொல்வார், தேநீர் கொண்டுவரும் பெண்ணும் சொல்வாள். பாவ்-யூன் கையை நீட்டினாள். குரல் வரவில்லை.

"கொஞ்சம் சத்தமா சொல்லணும்க்கா" என்றாள் முகப்பில் இருந்த பெண், உண்மையான அக்கறையோடு. "சென்சார் வெச்சிருக்காங்க. அதுக்குக் கேக்கலன்னா கதவு தொறக்காது."

மூன்றாவது தடவை சென்சாருக்குக் கேட்டது.

"நீங்க மெஷினுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள் அந்தப் பெண், ஆட்சேபப் படிவத்தை எடுத்துக்கொண்டு.

"வயர் போட்டவ."

"அது இல்லையே. செஞ்சவர், வாங்கினவர், சோதிச்சவர். மூணு கட்டம்தான்."

"அதுல மாட்டிச் செத்தவரோட சம்சாரம்."

அந்தப் பெண் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "அதுக்கும் இல்லக்கா. கடைசில 'தேயும் பொருள்கள்'னு ஒண்ணு இருக்கு. எண்ணெய், பில்டர், பெல்ட்டு இந்த மாதிரி. அதுல டிக் பண்ணிடட்டுமா? உள்ள போயிடலாம்."

"பண்ணும்மா."

அன்றிலிருந்து சான்றகத்தின் கோப்புகளில் பாவ்-யூன் 'தேயும் பொருள் எண் 17'. ஒலிபெருக்கியில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எண் 16 ஒரு கிரீஸ் டப்பா, அவளுக்கு முன்னால் அதன் விசாரணை நடந்தது.

இயக்குநர் பாங் எழுந்து நின்று வரவேற்றார். துக்கம் விசாரித்தார், தம் கையால் தேநீர் ஊற்றினார். மேசையின் ஓரத்தில் வெய் உட்கார்ந்திருந்தான். அன்று சோதனைக்கு வந்த அதிகாரி அவன்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். தலையைத் தூக்கவில்லை.

"அண்ணி, நான் மனசு விட்டுப் பேசறேன்" என்று தொடங்கினார் பாங். "இருபத்திரண்டு வருஷமா இந்த நாற்காலில இருக்கேன். எங்க முத்திரை விழுந்த ஒரு ஸ்பிண்டில்கூட கதவு தொறந்திருக்கும்போது சுத்தினது கெடையாது. சுத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். ஏன்னா அதுக்கு அறுபதாம் நம்பர் படிவம் வரணும். அறுபதாம் நம்பர் படிவத்த நாங்க இன்னும் அச்சடிக்கவே இல்ல. தேவைப்பட்டதே இல்ல. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

"அது சுத்தினதாலதான அவரு செத்தாரு" என்றாள் பாவ்-யூன்.

"செத்தது வருத்தம். சுத்தினதுங்கறது அபிப்பிராயம்."

"பத்து நாப்பதுக்கே சுழலலன்னு எப்படி எழுதினீங்க? அப்போ பொத்தான அழுத்தவே இல்லன்னு ஃபேக்டரில சொல்றாங்க."

பாங் பெருமையாக வெய்யைப் பார்த்தார். "அதுதான் அனுபவம்கறது. அழுத்திப் பாத்துட்டு எழுதறதுக்கு அதிகாரி எதுக்கு? யார் வேணா எழுதிடலாம். எங்க ஆளுங்க அழுத்தறதுக்கு முன்னாடியே எழுதுவாங்க. ஒரு நாளைக்கு ஆறு ஃபேக்டரி போகணும்ல."

"கையுறை?" என்றாள். "ஸ்பிண்டில் கிட்ட போறவன் கையுறை போடக் கூடாது. துணி மாட்டுனா கையோட இழுத்துக்கும். அவரு இருபத்து மூணு வருஷம் போட்டதில்ல. அன்னைக்கு வெள்ளைக் கையுறை போட்டிருந்தாரு."

"முத்திரை ஒட்டணும்ல? ஸ்பிண்டில் தலையில ஒட்டற முத்திரைமேல விரல் ரேகை விழக் கூடாது. வெள்ளைக் கையுறை போட்டுத்தான் ஒட்டணும். விதி எட்டு. முன்ன எல்லாம் ரேகை ரேகையா இருக்கும், பாக்கவே அசிங்கம். இப்போ பாருங்க, உங்க வீட்டுக்காரர் ஒட்டினதுல ஒரு ரேகை இல்ல."

பாவ்-யூன் தேநீரைக் குடிக்கவில்லை. பாங்குக்கு அது வருத்தமாக இருந்தது, நல்ல மலைத் தேயிலை அது. "சரி, உங்க மனசு ஆறணும்" என்றார் கடைசியில். "அன்னைக்கு நடந்த மாதிரியே செஞ்சு பாத்துடுவோம். செலவு எங்களது."

அறுபத்தெட்டாம் நாள், ஜுவாங்கின் ஃபேக்டரியில் அதே மெஷினின் முன்னால் பதினோரு அதிகாரிகள் இரண்டு வரிசையாக நின்றார்கள். விபத்துக்கு மறுநாளே சான்றகம் அந்த மெஷினை 'சான்று பெற்ற நிலைக்குத் திருப்பி' வைத்திருந்தது. ரத்தத்தைத் துடைத்து, பேனலைத் திறந்து ஏதோ செய்து, மூடி, மேலே புதுப் பச்சைப் பொட்டலம். ஆ-ஷுனாக நிற்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. பொம்மை கொண்டுவர விதியில் இடமில்லை. ஃபேக்டரியில் யாரும் முன்வரவில்லை. அதிகாரிகளில் ஒருவர் பாவ்-யூனைப் பார்த்து, "இவங்க கிட்டத்தட்ட அதே உயரம்" என்றார்.

"மனுசனா நீ?" என்று ஜுவாங் பாய்ந்தார்.

"விடுங்க முதலாளி" என்று பாவ்-யூன் வெள்ளைக் கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டாள். உள்ளே ஏறி, அவர் நின்றிருக்கக்கூடிய இடத்தில் நின்றாள். ஸ்பிண்டிலில் சோதனைக் கம்பி செருகியிருந்தது. ஒரு முழ நீளத்தில் பளபளவென்ற எஃகு உருளை. அவர் கை எங்கே இருந்திருக்கும் என்று யோசித்து, அங்கே கையை வைத்தாள். எஃகு குளிர்ந்திருந்தது.

பொத்தானை அழுத்த வேண்டியது வெய். விரலைக் கொண்டுபோனான், எடுத்தான். மறுபடி கொண்டுபோனான். "என்னால முடியல சார்" என்று அவன் சொன்னதும் பாங் முன்னால் வந்து தாமே அழுத்தினார்.

சுழலவில்லை.

பதினோரு பேரும் கைதட்டினார்கள். அது ஒன்றும் கேலிக்கில்லை. மெஷின் நல்லபடியாக நடந்துகொண்டால் கைதட்டுவது அவர்கள் வழக்கம். பாவ்-யூன் கையை எடுக்காமல் நின்றாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சுற்றித் தொலைத்தால் என்ன என்று நினைத்தாள். அவர் போன வழியே போய்விடலாம், எந்தத் தாளும் வேண்டாம். பிறகு ஜுவாங் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"பாத்தீங்களா அண்ணி, இப்போ பொட்டலம் தேதிக்குள்ள இருக்கு. சுத்தல" என்றார் பாங். "அன்னைக்கு தேதி தாண்டியிருந்துச்சு. அப்பவும் சுத்தலதான். ஆனா சுத்தியிருந்தா, இதுதான் வித்தியாசம்."

அன்று மாலை பாவ்-யூன் கடைக்குப் போய்ப் பதினைந்து பச்சைப் பொட்டலங்கள் வாங்கி, பட்டறையில் இருந்த ஒவ்வொரு பேனல்மேலும் ஒன்று வைத்தாள். மிஞ்சியதை ஆ-ஷுனின் படத்துக்கு முன்னால் அடுக்கினாள். அடுக்கிவிட்டு உட்கார்ந்து அழுதாள். பார்க்கிற யாருக்கும் சிரிப்புத்தான் வரும், பொரிப் பொட்டலக் குவியலுக்கு முன்னால் ஐம்பது வயதுப் பெண்பிள்ளை மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தால்.

எண்பத்தெட்டாம் நாள் மறுபடி சான்றகம் போனாள். செய்து பார்த்த சோதனையின் தீர்ப்பு நகலை வாங்க. "நின்றிருக்கிறது, நல்லது" என்று சொல்லக் கையை நீட்டியபோது, தங்க ஸ்பிண்டிலுக்குப் பின்னால் சுவரில் புதிதாக ஒரு படம் தொங்கியது. கதவளவு பெரியது. 'இவ்வாண்டின் ஒழுங்கான பேனல்' என்று தங்க எழுத்து. அவள் போட்ட பேனல்தான். அந்த நாளில், அந்த மெஷினில், ஒன்பதாம் சோதனையின்போது வெய் எடுத்த படம். அவள் நீட்டிய கையை இறக்கவில்லை. விரல் மட்டும் ஸ்பிண்டிலிலிருந்து படத்துக்கு நகர்ந்தது.

தான் போட்ட வயர்களை அவளுக்கு எண்ணத் தேவையில்லை, முகம் தெரியும். கதவு சுவிட்ச் வந்து சேரும் முப்பத்தொன்று, முப்பத்திரண்டாம் முனைகளுக்கு நடுவே ஒரு சின்ன நீல வயர் வளைந்திருந்தது. பக்கத்திலிருந்த வயர்களின் அதே நீலம். அதில் எண் குழாய் இல்லை. அது அவள் போட்டதல்ல. முனைகளில் உலோகத் தொப்பி இடப்பக்கத்திலிருந்து நசுக்கப்பட்டிருந்தது. இடதுகைக்காரரான ஆ-ஷுன் நசுக்கியது. அத்தனை அவசரத்திலும் நேர்த்தியாக.

"சொல்லுங்கக்கா, சென்சார் காத்துக்கிட்டிருக்கு" என்றாள் முகப்புப் பெண்.

வெய் மாடிப்படியில் இறங்கி வந்தான். அவளையும் படத்தையும் பார்த்தவன் அப்படியே கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"சொல்லு தம்பி" என்றாள் பாவ்-யூன்.

"அண்ணன் சிவப்பு நூல் கட்டின மஞ்சளத்தான் போட்டாரு" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "போட்டோல நீல வரிசைக்குள்ள வேற நெறம் இருந்தா சான்று கெடையாது அண்ணி, விதி பன்னெண்டு. நான்தான் கழட்டச் சொன்னேன். அவரு மாட்டேன்னாரு. 'நூல் இல்லன்னா மறந்துபோகும்டா'ன்னாரு. போட்டோ எடுத்ததும் நானே ஞாபகப்படுத்தறேன்னு சொன்னேன். உங்க ரீல்ல இருந்து நீலத்தை வெட்டிப் போட்டாரு. மஞ்சளைப் பையில வெச்சுக்கிட்டாரு. போட்டோ எடுத்தேன். பதினோரு மணிக்கு அடுத்த ஃபேக்டரி. சீக்கிரம் முத்திரைய ஒட்டுங்கன்னு கையுறையக் குடுத்தேன். அவரு உள்ள போனாரு. பதினாலாவது மட்டும் பாக்கி. எழுதியாச்சு, சும்மா பேருக்கு அழுத்தணும். அழுத்தினேன்."

பாவ்-யூன் சுவரைப் பிடித்துக்கொண்டாள். காரணம் பொட்டலம் இல்லை. முப்பத்தேழு நாளாக நெஞ்சில் கிடந்தது இறங்கியது. இறங்கிய இடத்தில் அவர் வந்து நிறைந்தார். மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். மறந்துபோகும் என்று சொல்லியிருக்கிறார். சின்ன அதிகாரியின் வேலைக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று கடைசியில் விட்டுக்கொடுத்திருக்கிறார். அவர் சுபாவம் அப்படி. வீட்டில்கூட ஒரு சண்டையிலும் அவர் ஜெயித்ததில்லை.

"இதை எழுதிக் குடுப்பியா?"

"ரெண்டு பொண்ணுங்க இருக்கு அண்ணி" என்றான் வெய். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை.

ஆனால் படம் சுவரில் இருந்ததே. அவள் பாங்கை இழுத்துவராத குறையாகக் கூப்பிட்டு வந்து நிறுத்தி, நீல வயரைச் சுட்டிக் காட்டினாள். பாங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். முகம் வெளிறியது. அவருக்கும் பழைய காலத்தில் வயர் தெரியும். அறுபதாம் எண் படிவத்தை இனி அச்சடிக்க வேண்டும் என்பதும், அதில் முதல் கையெழுத்து தம்முடையது என்பதும் அவருக்கு ஒருசேரத் தெரிந்திருக்க வேண்டும்.

"குழு கூடி முடிவு பண்ணும்" என்றார். "உண்மைய நாங்க என்னைக்கும் ஒதுக்கினதில்ல. முறைப்படி வந்தா ஏத்துக்குவோம்."

குழு மூன்று நாள் கூடியது. தொண்ணூற்று நான்காம் நாள் கடிதம் வந்தது. ஜுவாங் அதைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறை வாசலில் நின்றார்.

"படிங்க முதலாளி."

அவர் படித்தார். "'தேயும் பொருள் எண் 17 சுட்டிக்காட்டிய நீல வயர் படத்தில் இருப்பது உறுதி செய்யப்பட்டது. படத்திலுள்ள பேனல் சான்று பெற்றது. சான்று பெற்ற பேனலில் தவறான வயர் இருக்க இயலாது. எனவே அந்த வயர் சரியானது. அது வரைபடத்தில் விடுபட்டிருந்ததே குறை. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து...'" நிறுத்தினார். "'...முதல் தேதியிலிருந்து எல்லாப் பேனல்களிலும் முப்பத்தொன்றுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே நீல வயர் இருக்க வேண்டும். இல்லாத பேனலுக்குச் சான்று இல்லை. குறையைக் கண்டறிய உதவிய மறைந்த ஆ-ஷுன் அவர்களுக்குப் பாராட்டுப் பத்திரம் இணைக்கப்பட்டுள்ளது.'"

பாராட்டுப் பத்திரத்தில் எண்ணெய் படக் கூடாதே என்று ஜுவாங் அதை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"அப்போ எல்லா மெஷினும்" என்றாள் பாவ்-யூன்.

"எல்லா மெஷினும். இந்த ஊர்ல, பக்கத்து ஊர்ல, எல்லாம். போடலன்னா சான்று கெடையாது, சான்று இல்லாம துறைமுகத்துல ஏத்த மாட்டான்." அவர் முக்காலியில் உட்கார்ந்தார். "நான் போடச் சொல்லமாட்டேன்மா. கடைய மூடிடலாம்னுதான் தோணுது. நாப்பத்தாறு குடும்பம் இருக்கு, அதான் பாக்கறேன்."

"நான் போடறேன்" என்றாள்.

"பாவ்-யூன்."

"நீல வயர் இருக்கணும். அவ்வளவுதான கேக்கறாங்க. போட்டோல தெரியணும். நான் போடறேன் முதலாளி. நம்ம ஆளு ஒருத்தரும் இதைத் தொட வேண்டாம். பக்கத்து ஊர்ல வயர் போடறவங்களையும் ஒரு தடவ இங்க வந்து பாக்கச் சொல்லுங்க."

சான்றகத்தின் புது விதிப்படியான முதல் பேனலை அவள் இரண்டு நாளில் முடித்தாள். ரீலிலிருந்து ஒரு சாண் நீல வயரை வெட்டினாள். இரு முனையிலும் தொப்பி மாட்டி நசுக்கினாள். ஆனால் மேலுறையைச் சீவவில்லை. உள்ளிருக்கும் செம்பு தொப்பியைத் தொடவில்லை. பார்த்தால் வயர், படத்தில் இன்னும் நல்ல வயர். மின்சாரத்துக்கு அது வெறும் கயிறு. முப்பத்தொன்றிலும் முப்பத்திரண்டிலும் அதை மாட்டி, அவர் வளைத்திருந்த அதே வளைவில் வளைத்துவிட்டாள்.

தொண்ணூற்றொன்பதாம் நாள் காலை சோதனைக்கு வெய் வந்தான். படம் எடுத்தான். நீல வயரை வட்டமிட்டு ஒரு டிக் போட்டான். முத்திரை ஒட்டும் கட்டம் வந்தபோது கையுறையைப் பையிலிருந்து எடுத்தான், பார்த்தான், திரும்பப் பைக்குள் வைத்துவிட்டான். பதினான்காம் சோதனைக்குக் கதவு திறந்திருந்தது. அவன் மெஷினுக்கு உள்ளே எட்டிப் பார்த்தான், பின்னால் சுற்றிவந்து பார்த்தான், மறுபடி முன்னால் வந்து பார்த்தான்.

"உள்ள யாரும் இல்லையே அண்ணி?"

"இல்ல. அழுத்து."

அவன் முகத்தில் கெஞ்சல் இருந்தது. வயர் போட்டாயிற்று. தாள் என்ன சொன்னாலும் இது சுற்றத்தான் போகிறது என்று அவனுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான்.

கண்ணைத் திறந்தபோது ஸ்பிண்டில் நின்றிருந்தது. மறுபடி அழுத்தினான். நின்றிருந்தது. அவன் மெதுவாகப் பேனல் பக்கம் போய், நீல வயரைச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தான். முனையில் மேலுறை தொப்பிக்குள் போவதைக் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து பாவ்-யூனைப் பார்த்தான்.

படிவத்தில் பதினான்காம் வரி காலியாக இருந்தது. மற்ற எல்லா வரியும் முன்பே எழுதியிருந்தான், அதை மட்டும் எழுதாமல் கொண்டுவந்திருக்கிறான். இப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைப் போட்டான். 'சுழலவில்லை' என்று எழுத வெகுநேரம் எடுத்துக்கொண்டான். ஒரு துளி தாளில் விழுந்தது, சட்டைக் கையால் ஒற்றினான். முத்திரை அதன்மேல் கொஞ்சம் கலங்கித்தான் விழுந்தது.

"ஒரு நகல் வேணும் தம்பி" என்றாள் பாவ்-யூன்.

அவன் மூலப் பிரதியையே கொடுத்துவிட்டுப் போனான்.

நூறாம் நாள், வாசலில் வைத்த இரும்பு வாளியில் பாவ்-யூன் பொற்காசுத் தாள்களை எரித்தாள். பாராட்டுப் பத்திரத்தை எரிக்கவில்லை. அது பிளாஸ்டிக் உறையோடு பட்டறையில் எண்ணெய்க் கேனுக்கு அடியில் இருக்கிறது. ஒரு பச்சைப் பொட்டலத்தைத் தேதி பார்த்துத் தட்டில் வைத்தாள். கடைசியாக அந்தப் படிவத்தை எடுத்தாள். என்ன நடந்தது என்று உள்ளபடி எழுதிய தாள் அவளுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது இது ஒன்றுதான். வேறு மெஷின், வேறு நாள், ஒற்றை வரி.

அதை வாளியில் போட்டு, தீ பிடிக்கும் முன் படத்தில் இருந்த அவரைப் பார்த்து வலது கையை நீட்டி, விரலால் சுட்டினாள். இந்தத் தடவை யாரும் சத்தமாகச் சொல்லச் சொல்லவில்லை.

"நின்னுடுச்சு ஆ-ஷுன்" என்றாள். "இது நெஜமாவே நின்னுடுச்சு. நானே பக்கத்துல இருந்து பாத்தேன்."